விடுமுறைக்கும் களா உண்டு

பயணத்தில் இருப்பவரையும் நோயுற்றவரையும் நம் மார்க்கம் ஒரே வரிசையில் வைத்து எண்ணுகிறது. ரமலானில் நோன்பு நோற்க இயலாத இவ்விருவருக்கும் அது சலுகை தந்திருக்கிறது. எனினும் அச்சலுகை தள்ளுபடி அன்று, தவணையே ஆகும். விடுபட்ட நோன்புகளை எண்ணி வைத்துக்கொண்டு வேறு நாள்களில் நோற்று முடிக்க வேண்டும். அதனைத்தான் களாச் செய்வது என்கிறோம். சிறு வயதில் மதரஸாவில் ஓதிய இந்தப் பாடம் நோன்புக்கு மட்டுமே உரியது என்று நாங்கள் எண்ணியிருந்தோம். 2022ஆம் ஆண்டின் அரையாண்டு விடுமுறை அந்த எண்ணத்தை மாற்றிவிட்டது.

எங்கள் ஊர் பாபநாசத்தை அடுத்தது. குடமுருட்டியின் தண்ணீரில் நெல் விளைவிக்கும் ஊர்களுள் ஒன்று. விடுமுறை விட்டால் பிள்ளைகள் எல்லாரும் எங்கள் வீட்டில்தான் வந்து கூடுவார்கள். டிசம்பர் 24ஆம் நாள் விடியுமுன், சென்னையிலிருந்து வரும் உழவன் விரைவு வண்டியில் அண்ணன் குடும்பத்தார் வந்து இறங்கினார்கள். நண்பகலில் லாத்தாவும் மச்சானும் பிள்ளைகளோடு வந்து சேர்ந்தார்கள். மூவர் மட்டுமே இருந்த வீட்டில் மாலைக்குள் பதினான்கு பேர் ஆகிவிட்டோம். அன்றிரவே எரிவாயு சிலிண்டர் தீர்ந்தது. மாற்றுச் சிலிண்டரும் காலியாகக் கிடந்ததை அப்போதுதான் கண்டோம். அம்மா ஒன்றும் பேசாமல் கொல்லைப்புறத்து விறகடுப்பைப் பற்ற வைத்தார்கள். பிள்ளைகளுக்கு அது வேடிக்கையாய் இருந்தது. மழையில் நனைந்த விறகை ஊதி ஊதி அம்மாவின் கண்கள் சிவந்திருந்ததை யாரும் பொருட்படுத்தவில்லை.

அவ்வாண்டு எங்கள் பகுதியில் ஒரு சிறப்பு நிகழ்ந்திருந்தது. வழக்கமாக ஜூன் 12ஆம் நாள் திறக்கப்படும் மேட்டூர் அணை, அவ்வாண்டு மே 24ஆம் நாளே திறக்கப்பட்டது. நாடு விடுதலை பெற்ற பின் மே மாதத்தில் அணை திறக்கப்பட்டது அதுவே முதன்முறை. குறுவை நன்கு விளைந்து கைக்கு வந்துவிட்டது. சம்பா கதிர் விட்டுப் பால் பிடித்துக்கொண்டிருந்தது. அத்தா காலையும் மாலையும் வரப்பைச் சுற்றி வருவார்கள்.

நாகூர்க் கந்தூரியும் அந்த விடுமுறையோடு சேர்ந்துகொண்டது. பிறைக் கணக்கில் ஓடும் ஆண்டு, சூரியக் கணக்கைவிட ஏறத்தாழப் பதினோரு நாள் குறைந்தது. ஆதலால் ஜமாதுல் ஆகிர் மாதம் எல்லாப் பருவங்களையும் சுற்றிக்கொண்டு அதே பருவத்துக்குத் திரும்ப முப்பத்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன. கந்தூரியும் பள்ளி விடுமுறையும் ஒன்றாக வாய்ப்பது அரிது அன்றோ? பிள்ளைகளுக்குக் காட்டிவிட வேண்டும் என்று எல்லாரும் துடித்தோம். வேன் பேசினோம். அதில் ஓட்டுநரை விட்டுப் பதின்மூன்று இருக்கைகள் இருந்தன. நாங்களோ பதினான்கு பேர்.

"நீங்க போய்ட்டு வாங்க. மாட்டை யார் பாக்குறது? மோட்டாருக்கு ஆள் வருவான்" என்றார்கள் அம்மா. மோட்டார் இரண்டு நாளாகப் பழுதுபட்டுக் கிடந்தது உண்மை. மாடு கொட்டிலில் நின்றதும் உண்மை. ஆகவே அவர்கள் சொன்ன காரணங்களை நாங்கள் ஒன்றுவிடாமல் ஏற்றுக்கொண்டோம். ஒரு பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டால் இன்னோர் இடம் கிடைத்திருக்கும் என்பது எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

டிசம்பர் 27ஆம் நாள் காலை புறப்பட்டோம். வங்கக் கடலில் உருவான காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் இலங்கையைக் கடந்து சென்ற நாள்கள் அவை. மழை விட்டும் விடாமலும் பெய்துகொண்டிருந்தது. கும்பகோணம் தாண்டிக் குடவாசலை நெருங்கும்போது வேனின் கண்ணாடி துடைப்பான் நின்றுவிட்டது. ஓட்டுநர் இறங்கி இறங்கித் துணியால் துடைத்துக்கொண்டு வந்தார். திருவாரூரைக் கடந்து கீழ்வேளூருக்கு அருகில் சக்கரம் பஞ்சராயிற்று. ஸ்டெப்னியை எடுத்தால் அதிலும் காற்றில்லை. மழையில் நின்றுகொண்டு பிள்ளைகள் சாலையோரத்துத் தட்டுக்கடையில் வாங்கிக் கேட்டதையெல்லாம் தின்றார்கள். அதன் விலை என்னவென்று மறுநாள் தெரிந்தது.

நாகூரை அடைந்தபோது பிற்பகல் ஆகிவிட்டது. ஐந்து மனோராக்களும் மழையில் நனைந்து நின்றன. அவற்றுள் உயர்ந்தது 131 அடி. தஞ்சையை ஆண்ட மராட்டிய மன்னர் பிரதாப் சிங் கட்டிக்கொடுத்தது. வெற்றிலை விற்பவரும், நேர்ச்சை கொண்டுவந்தவரும், குழந்தைக்கு முடியிறக்க வந்தவருமாக எல்லாச் சமயத்து மக்களும் அங்கே நிறைந்திருந்தார்கள். அந்தக் கூட்டத்தில் அண்ணன் மகன் ஒற்றைச் செருப்பைத் தொலைத்தான். மச்சான் வேனுக்குக் கொடுக்க வைத்திருந்த பணத்தைத் தொலைத்தார். ஆளுக்குக் கொஞ்சம் எடுத்துப் போட்டு வாடகையைக் கொடுத்துவிட்டு நள்ளிரவில் வீடு திரும்பினோம். அம்மா விழித்திருந்தார்கள். சோறு சூடாக இருந்தது.

மறுநாள் விடிந்ததும் ஒரு பிள்ளைக்கு வாந்தியும் வயிற்றுப்போக்கும் கண்டன. மாலைக்குள் இன்னொரு பிள்ளைக்கு. அடுத்த நாள் மூன்றாவது பிள்ளைக்கும் லாத்தாவுக்கும். மருத்துவர் உப்புச் சர்க்கரைக் கரைசலை எழுதிக் கொடுத்தார். ஒரு லிட்டர் கொதித்து ஆறிய நீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும், இரண்டையும் தலைதட்டிப் போட்டுக் கலந்தால் வீட்டிலேயே அதனைச் செய்துகொள்ளலாம். இந்த எளிய மருந்துக்குப் பின்னால் ஒரு பெரும் வரலாறு உண்டு. 1971இல் வங்கதேசப் போரின்போது, எல்லையை ஒட்டிய பங்கான் அகதி முகாமில் காலரா பரவியது. நரம்பின் வழி ஏற்றும் சலைன் தீர்ந்துபோன நிலையில், திலீப் மகலனாபிஸ் என்ற மருத்துவர் இக்கரைசலைக் கலந்து, நோயாளிகளின் உறவினர் கையில் கொடுத்துப் புகட்டச் சொன்னார். நூற்றுக்கு முப்பதாக இருந்த இறப்பு நான்குக்கும் கீழே இறங்கியது. அவர் மறைந்தது 2022 அக்டோபரில். எங்கள் வீட்டுப் பிள்ளைகள் படுத்ததற்கு இரண்டு மாதங்களுக்கு முன்புதான்.

அவருடைய பெயரை அம்மா அறியார்கள். ஆயினும் அவர் அன்று உறவினரிடம் ஒப்படைத்த வேலையை எங்கள் வீட்டில் அம்மாவே செய்தார்கள். ஐந்து நிமிடத்துக்கு ஒரு கரண்டி வீதம் இரவெல்லாம் புகட்டினார்கள். கரைசலைக் குடிக்க மறுத்த பிள்ளைக்கு வடித்த கஞ்சியில் உப்பிட்டுக் கொடுத்தார்கள். நாங்கள் முறை வைத்து உறங்கினோம். அம்மாவுக்கு முறை என்று ஒன்று இருந்ததாக நினைவில்லை.

பிள்ளைகள் தேறிவிட்டார்கள், அல்ஹம்துலில்லாஹ். ஜனவரி முதல் நாள் லாத்தா குடும்பத்தார் ஊருக்குப் போனார்கள். அன்றிரவே அண்ணன் குடும்பத்தார் சென்னைக்கு வண்டி ஏறினார்கள். மறுநாள் பஜ்ரு தொழுகைக்கு உளூச் செய்யப் போன அம்மா, கிணற்றடியில் மயங்கி விழுந்தார்கள்.

கும்பகோணத்து மருத்துவமனை ஒன்றில் சேர்த்தோம். அங்கே மருத்துவர் இரண்டு கேள்விகள் கேட்டார். "கடைசியாக எப்போது சாப்பிட்டார்கள்?" என்பது முதல் கேள்வி. அத்தா எங்களைப் பார்த்தார்கள். நாங்கள் அத்தாவைப் பார்த்தோம். எல்லாருக்கும் பரிமாறியவர்கள் எப்போது சாப்பிட்டார்கள் என்று யாரும் கண்டதில்லை. "சர்க்கரைக்கு என்ன மாத்திரை எடுக்கிறார்கள்?" என்பது இரண்டாவது கேள்வி. வீட்டுக்கு ஆள் அனுப்பி மாத்திரை அட்டையைத் தேடினோம். கிடைத்தது வெற்று அட்டைதான். நாங்கள் நாகூர் போன நாளிலேயே மாத்திரை தீர்ந்துவிட்டதாம். பிள்ளைகளிடமிருந்து வயிற்றுப்போக்கும் அவர்களைப் பற்றியிருக்கிறது. அதையும் சொல்லவில்லை. பின்னர் மருந்துக்கடை ரசீதுகளை எண்ணிப் பார்த்தோம். அந்த ஆறு நாள்களில் ஒன்பது முறை கடைக்குப் போயிருக்கிறோம். ஒருமுறையாவது "உங்களுக்கு ஏதும் வேண்டுமா அம்மா?" என்று கேட்டிருந்தால் போதும். சென்னையில் இறங்கிய அண்ணன் அடுத்த பேருந்திலேயே திரும்பினார். லாத்தாவும் வந்துவிட்டார்.

நாகூரில் சந்தனக்கூடு ஊர்வலம் புறப்பட்ட அந்த இரவில், நாங்கள் மருத்துவமனை விசிப்பலகையில் வரிசையாக அமர்ந்து சலைன் சொட்டுகளைப் பார்த்துக்கொண்டிருந்தோம். நடுவில் கண் விழித்த அம்மா, "மாட்டுக்குத் தண்ணி காட்டினீங்களா?" என்று கேட்டுவிட்டு மீண்டும் உறங்கிப்போனார்கள். பத்து நாள்களில் அவர்கள் பகலும் இரவும் தொடர்ந்து உறங்கியது அதுவே முதன்முறை. விடுமுறை தொடங்கியது முதல் எங்கள் குடும்பத்தார் எல்லாரும், ஓர் ஆளும் குறையாமல், ஒரே இடத்தில் இருந்ததும் அன்றுதான்.

நான்காம் நாள் வீடு திரும்பினார்கள். பிப்ரவரி முதல் வாரத்தில் பருவம் தப்பிப் பெய்த மழையில், அறுவடைக்கு நின்ற சம்பா தண்ணீரில் சாய்ந்தது. அரசு ஹெக்டேருக்கு இருபதாயிரம் ரூபாய் நிவாரணம் அறிவித்தது. சாய்ந்த கதிரைக் கரையேற்றிய கவலையில், டிசம்பரில் நடந்ததை நாங்கள் மெல்ல மறந்தோம். மனிதனின் மறதி அப்படிப்பட்டது.

மார்ச் மாத இறுதியில் ரமலான் வந்தது. சில நாள்களில் சர்க்கரை தாழ்ந்துவிட்டதால் மருத்துவர் அம்மாவை நோன்பு நோற்க வேண்டாம் என்று தடுத்தார். அவ்வாறு ஐந்து நோன்புகள் விடுபட்டன. அடுக்களையில் தொங்கிய நாள்காட்டியில் அந்த ஐந்து தேதிகளையும் அம்மா சிவப்பு மையால் சுழித்து வைத்திருந்தார்கள். "மறந்துபோச்சுன்னா? கடன் இல்லையா?" என்றார்கள்.

அந்த நாள்காட்டியின் முன் நாங்கள் வெட்கி நின்றோம். இறைவனுக்குச் செலுத்த வேண்டிய ஐந்து நாள்களை அவர்கள் எண்ணி வைத்திருக்கிறார்கள். அவர்களுக்கு நாங்கள் செலுத்த வேண்டிய நாள்களையோ ஒருவரும் எண்ணி வைக்கவில்லை. ஒவ்வொரு விடுமுறையிலும் பயணம் எங்களுடையதாயிற்று, நோயும் எங்களுடையதாயிற்று. இரண்டுக்கும் உரிய சலுகையையும் நாங்களே எடுத்துக்கொண்டோம். எங்கள் பொருட்டு விடுமுறையைத் துறந்தவருக்கு அதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்ற நினைவே எழவில்லை. 'நாங்கள்' என்று நாங்கள் சொல்லி வந்தது பதின்மூன்று பேரைத்தான்.

பெருநாள் கழிந்த பின், "எங்கே போகலாம் அம்மா?" என்று கேட்டோம். முதலில் சிரித்து மழுப்பினார்கள். பிறகு தயங்கித் தயங்கி, "மேட்டூரைப் பார்க்கணும்" என்றார்கள். எங்களுக்கு வியப்பாயிற்று. திருமணமாகி வந்த நாள்முதல், "மேட்டூர் திறந்தாச்சா?" என்று ஆண்டுதோறும் கேட்டவர்கள் அவர்கள். 1934இல் கட்டி முடிக்கப்பட்ட அந்த அணையின் நீர்மட்டத்தை அன்றாடம் செய்தித்தாளில் பார்ப்பவர்கள். 120 அடி என்ற முழு அளவு எங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கும் தெரியும். ஆனால் அம்மா அந்த அணையைக் கண்டதில்லை.

மே மாத விடுமுறையில் அதே வேனைப் பேசினோம். இம்முறை அம்மாவின் இருக்கையிலிருந்து எண்ணத் தொடங்கினோம். மாட்டைப் பார்த்துக்கொள்ள ஆளுக்குச் சொல்லிவைத்தோம். மாத்திரை அட்டையை அண்ணன் தம் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். சிறு பிள்ளைகள் இருவர் மாறி மாறி மடியில் வந்தார்கள். தஞ்சையைத் தாண்டுவதற்குள், "கேஸை அணைச்சோமா?" என்று இருமுறை கேட்டார்கள். பக்கத்து வீட்டாருக்குத் தொலைபேசியில் சொல்லிப் பார்க்கச் செய்தோம். அணைத்துத்தான் இருந்தது.

அணையின் மேல் நின்று அம்மா நெடுநேரம் தண்ணீரைப் பார்த்தார்கள். "இங்கே திறந்துவிட்டா நம்ம ஊருக்கு வர எத்தனை நாளாகும்?" என்று கேட்டார்கள். முந்திய ஆண்டு மே 24இல் திறந்த தண்ணீருக்குக் கல்லணை மூன்றே நாளில், மே 27ஆம் நாள், திறக்கப்பட்டதை அத்தா சொன்னார்கள். அங்கிருந்து ஆறு பிரிந்து, வாய்க்கால் பிரிந்து, எங்கள் வயலுக்கு வர இன்னும் சில நாள் ஆகும் என்றார்கள். "இம்மாந் தூரம் வருதா!" என்றார்கள் அம்மா. வேறொன்றும் சொல்லவில்லை.

திரும்பும் வழியில் சன்னலோரத்தில் சாய்ந்து உறங்கிவிட்டார்கள். திருச்சியில் தேநீர் குடிக்க வண்டியை நிறுத்தியபோது பிள்ளைகள் பாட்டியை எழுப்பப் போனார்கள். நாங்கள் தடுத்துவிட்டோம்.

விடுபட்ட விடுமுறைகள் எத்தனையோ. நாங்கள் களாச் செய்தது ஒன்றே. மீதியை எண்ணி வைக்க இப்போது எங்கள் வீட்டு நாள்காட்டியில் இன்னொரு நிற மை இருக்கிறது.