பதிமூன்று கண் பாலம்

எங்கள் ஊர் மேல்கோட்டையில் ரயில் கிடையாது. பார்க்க வேண்டுமென்றால் மலையிறங்கிப் பாண்டவபுரம் போக வேண்டும். தாத்தா அந்த ஸ்டேஷனைக் கடைசிவரை பழைய பெயரில் 'பிரெஞ்ச் ராக்ஸ்' என்றுதான் சொன்னார். வைரமுடி உற்சவம் முடிந்து பள்ளிக்கூடமும் மூடியதும், புளியோதரைத் தூக்கோடு செங்கோட்டை அத்தை வீட்டுக்குப் புறப்படுவோம். வண்டி மாறி மாறிப் போய்ச் சேர்வதற்குள் புளியோதரை இன்னும் ருசியாகியிருக்கும்.

செங்கோட்டையிலிருந்து கொல்லத்துக்கு அப்போது மீட்டர் கேஜ் ரயில் போகும். 1904இல் திறந்த மலைப்பாதை. பகவதிபுரம் தாண்டினால் குகை. "ஜன்னலை மூடு, ஜன்னலை மூடு" என்று பெரியவர்கள் கத்தி முடிப்பதற்குள் கரிப்புகை பெட்டிக்குள் வந்துவிடும். ஆரியங்காவுக்கு அப்புறம் கழுதுருட்டியில் அந்தக் கல்பாலம். அதன்மேல் போகிறவனுக்குப் பாலம் தெரியாது என்பதுதான் வேடிக்கை. எட்டிப் பார்த்தால் பாதாளத்தில் ரோடும் மரத்தலைகளும், அவ்வளவுதான்.

"கீழே நின்னு பாக்கணும்டா" என்று ஒரு தடவை அத்திம்பேர் எங்களை பஸ்ஸில் கூட்டிப் போனார். ரோட்டோரத்தில் இறங்கி அண்ணாந்தால் வரிசையாகக் கருங்கல் வளைவுகள். அத்தங்கா எண்ணிப் பன்னிரண்டு என்றாள். திரும்ப எண்ணச் சொன்னார் அத்திம்பேர். பதிமூன்று.

கல் எனக்குப் புதிதில்லை. எங்கள் ஊர் ராயகோபுரத்தை ஒரே ராத்திரியில் கட்ட நினைத்து, விடிந்துவிட்டதால் அரைகுறையாக விட்டார்கள் என்பார்கள். நெட்டைத் தூண்கள் சும்மா நிற்கும். இங்கே கல் தலைக்குமேல் வளைந்து ரயிலைச் சுமக்கிறது. விழாதா என்று கேட்டேன்.

"ஒவ்வொரு கல்லும் ஆப்பு மாதிரி செதுக்கினது. பக்கத்துக் கல் ரெண்டும் அமுக்கறதால நடுவுல இருக்கறது நழுவ முடியாது. மேல கனம் ஏற ஏற இறுகிண்டே போகும்" என்றார் அத்திம்பேர். வெல்லமும் சுண்ணாம்பும் கலந்து பூசினதாக்கும் என்று கூடவே ஒரு அளப்பு. அதை நான் இன்றுவரை நம்பவில்லை. ஆப்பு விஷயம் மட்டும் பிற்பாடு எந்தக் கல்வளைவைப் பார்த்தாலும் ஞாபகம் வரும்.

தூணருகே போனோம். இடுக்குகளில் பெரணி முளைத்திருந்தது. உளி கொத்திய பள்ளங்களில் பாசி, விரல் வைத்தால் ஜில்லென்றது. (2010இல் மீட்டர் கேஜ் நின்று 2018இல் அகல ரயில் வந்தபோது இதை இடித்துவிடுவார்களோ என்று பயந்தேன். வலுப்படுத்தி அதன்மேலேயே தண்டவாளம் போட்டார்கள். நல்ல காரியம்.)

சத்தம் முதலில் மலைக்குள் கேட்டது. "கையை வை, கையை வை" என்றார் அத்திம்பேர். உள்ளங்கையைக் கல்லில் அழுத்திக்கொண்டேன். முன்னால் ஒரு எஞ்சின், பின்னால் தள்ள ஒன்று, நடுவில் பொம்மைப் பெட்டிகள். கல் லேசாக உறுமியது. மேலேயிருந்து யாரோ கையாட்டினார்கள். அவர்களுக்குப் பாலம் தெரிந்திருக்காது. அத்தங்கா மறுபடி எண்ண ஆரம்பித்தாள். அதற்குள் செங்கோட்டை பஸ் வந்துவிட்டது, ஓடினோம்.