தேய்க்காத இடம்

அப்பாவின் வருஷாப்திகம் முடிந்த மறுநாள், ஸ்ரீரங்கத்து வீட்டுப் பரணிலிருந்து அவருடைய ஏர்-கன்னை இறக்கினேன். பயப்படாதீர்கள்! மொட்டை மாடியில் வடாம் காயும்போது, குறி பார்ப்பதுபோல் அப்பா அதைக் கன்னத்தோடு அணைத்தாலே போதும்; குரங்குகள் ஓடிவிடும். 1966-ல் தொடங்கிய திருச்சி துப்பாக்கித் தொழிற்சாலையில் உழைத்தவரிடம் இருந்த ஒரே ஆயுதம் அதுதான்!

மரக்கட்டையில் வார்னிஷ் உரிந்து கிடந்தது. குழலைக் கழற்றி வைத்துவிட்டு, மரத்தின் ரேகை ஓடும் திசையிலேயே உப்புத்தாளால் தேய்த்தேன். ஈரத்துணியால் துடைத்தால் சிலும்பு எழும்பும். காய்ந்ததும் மறுபடி தேய்க்க வேண்டும்.

பின்கட்டையில் ஓரிடம் மட்டும் கறுத்து, வழவழவென்றிருந்தது. அங்கே கை வைத்தேனோ இல்லையோ, “அதைத் தொடாதேடீ! அப்பா கன்னம் பட்ட இடம்” என்றாள் அம்மா.

உப்புத்தாள் கையிலேயே நின்றுவிட்டது.

மற்ற இடங்களுக்கு ஆளிவிதை எண்ணெயை மெல்லிசாகத் தடவித் துடைத்து, நாளுக்கொரு பூச்சு கொடுத்தேன். (அந்த எண்ணெய்த் துணியைச் சுருட்டிப் போடாதீர்கள், தானே சூடேறித் தீப்பற்றிக்கொள்ளும். விரித்துக் காயப் போடுங்கள்.)

இப்போது கட்டை பளபளக்கிறது. அம்மாவின் விரல் போவதென்னவோ அந்தக் கறுத்த இடத்துக்குத்தான்.

உங்கள் வீட்டிலும் பழைய சாமானைப் புதுப்பிக்கப் போகிறீர்களா? முதலில் அம்மாவை ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்!