எண்ணெய் எங்கப்பா போச்சு?

எங்க எம்.கே.பி. நகர்ல இருந்து எர்ணாவூர் ஒண்ணும் பெரிய தூரமில்லைங்க. 2017 ஜனவரி 28 விடிகாலையில எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே பி.டபிள்யூ. மேப்பிள், டான் காஞ்சிபுரம்னு ரெண்டு கப்பல் மோதிக்கிச்சே, ஞாபகம் இருக்கா? அப்ப நான் மெக்கானிக்கல் மூணாவது வருஷம். சில நாள் கழிச்சு ஃப்ரெண்டோட பைக்ல போய்ப் பார்த்தேன். கரையில கல்லுக்கு நடுவுல அல்வா பதத்துல கருப்பா எண்ணெய். தண்ணியோட கலந்து கெட்டியானதால பம்பு திணறுது, ஆளுங்க பக்கெட்டால அள்றாங்க. அந்த நாத்தம் சட்டையை விட்டுப் போக ஒரு வாரம் ஆச்சு.

இப்ப எதுக்கு இந்தப் பழைய கதை? போன மாசம் ஆபீஸ்ல வந்த வேலை அப்படி. எண்ணெய் பரவாம இருக்கக் கடல்ல மிதவைத் தடுப்பு போடுவாங்க இல்லையா, அதுக்கு அடியில எண்ணெய் நழுவுமான்னு சிமுலேஷன்ல பார்க்கணும். (நீரோட்டம் வினாடிக்கு சுமார் 35 செ.மீ. தாண்டினாலே நழுவ ஆரம்பிக்கும்கிறது ஊரறிஞ்ச சங்கதி.)

தண்ணியைச் சின்னச் சின்னப் பெட்டியா அரியறதுதான் மெஷ். ஒவ்வொரு பெட்டியிலயும் எண்ணெய் எத்தனை பங்குன்னு 0ல இருந்து 1 வரைக்கும் ஒரு எண். 1981ல ஹர்ட், நிக்கல்ஸ்னு ரெண்டு பேர் எழுதின கட்டுரையால பிரபலமான முறை. எல்லாப் பெட்டியையும் பொடிசாக்கலாம்னா கட்டுப்படியாகாது. நீளம், அகலம், உயரம் மூணையும் பாதியாக்கினா ஒரு பெட்டி 8 ஆகும். நேர இடைவெளியையும் பாதியாக்கணும், ஆக வேலை 16 மடங்கு. அதனால எண்ணெயும் தண்ணியும் தொடுற எல்லையில மட்டும் பொடிசாக்குவோம். எல்லை நகர நகர மெஷ்ஷும் கூடவே ஓடணும்.

இங்கதான் ஐயா புத்திசாலித்தனத்தைக் காட்டினேன். நேரம் மிச்சமாகட்டும்னு 20 ஸ்டெப்புக்கு ஒரு தடவை மெஷ்ஷை மாத்தினாப் போதும்னு வெச்சுட்டேன். எல்லைக்கு முன்னாடி விடுற ரெண்டு மூணு வரிசைப் பொடிப் பெட்டியையும் தூக்கியாச்சு. சாயங்காலமே ரிசல்ட். தடுப்புக்கு அந்தப் பக்கம் ஒரு சொட்டு இல்லை! 'தடுப்பு தாங்குது'ன்னு ஸ்லைடும் ரெடி :-)

மொத்த எண்ணெயைக் கூட்டிப் பார்த்தா குறையவே இல்லை. அப்ப எங்க போச்சு? எல்லை மெஷ்ஷை முந்திக்கிட்டுப் பெரிய பெட்டிக்குள்ள போயிருக்கு. அங்க 0.1, 0.2ன்னு கரைஞ்ச சாம்பாராட்டம் கிடக்கு. நான் படம் போட்டது 0.5க்கு மேல இருக்கறதை மட்டும். இதுல கொடுமை, கரைஞ்சப்புறம் அந்த இடத்தைப் பொடிசாக்கினாலும் பழைய கோடு திரும்பி வராது. ஆரம்பத்துல இருந்துதான் ஓட்டணும்.

எர்ணாவூர் கல்லு கண்ணு முன்னாடி வந்துச்சு. வரிசையைத் திரும்பச் சேர்த்து, ஒவ்வொரு ஸ்டெப்புக்கும் மெஷ் மாறுற மாதிரி வெச்சு, ராத்திரியே ஓட விட்டேன். மூணு நாள் ஆச்சு. தடுப்புக்கு அடியில நாக்கு மாதிரி நீண்டு அந்தப் பக்கம் நழுவுது.

ஸ்லைடை அழிச்சாச்சு. மேனேஜருக்கு நாளைக்குத்தான் சொல்லணும்.