பழைய கார் வாங்கப் போகிறீர்களா?

பழைய கார் பார்ப்பதும் வரன் பார்ப்பது போலத்தான். நிறமும் மினுமினுப்பும் அப்புறம். முதலில் பூர்வோத்தரம் விசாரிக்க வேண்டும். "வண்டி பார்க்கிறது ஆம்பிளைங்க சமாசாரம்" என்று நாம் ஒதுங்கிவிடுகிறோம். அதில் ஏறி இறங்கப் போவது நாமும் குழந்தைகளும் வீட்டுப் பெரியவர்களும்தானே!

எங்களுக்கு வந்தது கார் ஆசை இல்லை, அவசியம். என் கணவருக்குக் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வேலை. மாமியாருக்கு முழங்கால் வைத்தியம் திருவள்ளூரில். இரண்டு ஊருக்கும் மின்சார ரயில் உண்டு. ஆனால் தடம் வேறு. ரயிலில் போவதென்றால் சென்னை வரை போய்த் திரும்ப வேண்டும். பஸ் படி ஏற அத்தையால் முடியாது. கையிருப்போ இரண்டு லட்சம்.

அதற்குள் இரண்டு வண்டிகள் கிடைத்தன. ஒன்று 2012-ல் பதிவான மாருதி ஆல்டோ. சொன்ன விலை 1,45,000 ரூபாய். மற்றது 2014-ல் பதிவான ஹூண்டாய் சான்ட்ரோ, 1,95,000. ஆல்டோவுக்கு மூன்று சிலிண்டர், 796 சி.சி. எஞ்சின். சின்ன வண்டி, சாமான் எந்த ஊரிலும் கிடைக்கும். சான்ட்ரோ 1998 முதல் நம் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் தயாரான கார். நான்கு சிலிண்டர், 1,086 சி.சி., கூரையும் உயரம்.

அத்தையையும் கூடவே அழைத்துப் போனேன். சான்ட்ரோவில் உட்கார்ந்ததும், "நாற்காலியிலே உக்கார்ற மாதிரி சுகமா இருக்கும்மா" என்றார். ஆல்டோவில், "மணையிலேர்ந்து எந்திரிக்கிற மாதிரி இருக்கே!" என்று முழங்காலைப் பிடித்துக்கொண்டார். இவருக்கும் சான்ட்ரோ மேல்தான் கண்.

எனக்கு மட்டும் ஒன்று உறுத்தியது. புத்தம்புது சீட் கவர், உள்ளே தூக்கலான சென்ட் வாசனை. அடிப்பிடித்த வாடை போக நாம் ஊதுவத்தி ஏற்றி வைப்பதில்லையா? 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் எங்கள் திருவள்ளூர் மாவட்டம் பட்ட பாடு மறக்கக் கூடியதா! சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்தேன். எப்போதும் உள்ளே சுருண்டிருக்கும் பகுதியில் செம்மண் நிறத்தில் கறை. டிக்கியில் ஸ்டெப்னி டயரைத் தூக்கச் சொன்னேன். அடியில் வண்டல் காய்ந்து கிடந்தது. எங்களுடன் வந்த மெக்கானிக் கால்விரிப்பைத் தூக்கினார். சீட்டின் அடி போல்ட்டெல்லாம் துரு.

"கொஞ்சம் மழைத்தண்ணி பட்டிருக்கும், கழுவிவிட்டாப் போச்சு" என்றார் விற்க வந்தவர். மெக்கானிக் எங்களைத் தனியே அழைத்து, "வெள்ளத்துல நின்ன வண்டிக்கா. ஒயர் ஜாயின்ட்டுக்குள்ள தண்ணி போயிருக்கும். இன்னைக்கு ஓடும், ஆறு மாசம் கழிச்சு நடுரோட்டுல நிக்கும்" என்றார். வேண்டாம் என்றதும் அத்தை முகம் வாடிவிட்டது. எனக்கும் மனசு சங்கடம்தான். ஆனாலும் பெரியபாளையம் ரோட்டில் இருட்டிய நேரத்தில் அவரை வைத்துக்கொண்டு நிற்பதை நினைத்துப் பார்த்தேன்.

ஆல்டோ நிறம் மங்கி, கீறலோடு இருந்தது. ஆனால் எதையும் மறைக்கவில்லை. காலையில் எஞ்சின் சூடாகும் முன்பே போய் ஸ்டார்ட் செய்யச் சொன்னோம். நீலப் புகை வந்தால் எஞ்சின் ஆயிலைக் குடிக்கிறது என்று அர்த்தமாம், வரவில்லை. ஆயில் மூடியின் உள்பக்கம் மோர் போல வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கலாம், அதுவும் இல்லை. மீட்டர் காட்டிய 58,000 கிலோமீட்டருக்குப் பொருத்தமாகப் பெடல் ரப்பர் தேய்ந்திருந்தது. டயரின் ஓரத்தில் நான்கு இலக்க எண் ஒன்று உண்டு. 1917 என்றால் 2017-ம் வருஷம் 19-வது வாரம் செய்த டயர். இரண்டு டயர் அப்படிப் பழசாக இருந்தன. அதைச் சொல்லி 9,000 ரூபாய் குறைத்தோம்.

ஆர்.சி.யில் பாங்கி பெயர் இன்னும் இருந்தது. கடன் அடைத்ததற்கான தடையில்லாச் சான்றும் படிவம் 35-ம் கைக்கு வந்த பிறகே மீதிப் பணம் கொடுத்தோம். பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30. வாங்கியவர் 30 நாளுக்குள் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்க வேண்டும். இன்ஷூரன்ஸை மாற்ற 14 நாள்தான். சொந்தக் காருக்குப் பதிவு 15 வருஷம். எங்கள் வண்டிக்கு 2027-ல் முடியும். அப்புறம் தகுதி பார்த்து ஐந்து வருஷம் நீட்டிப்பார்கள். 600 ரூபாயாக இருந்த அந்தக் கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ஆகிவிட்டது. அதையும் இப்போதே தனியாக எடுத்து வைத்திருக்கிறேன்.

மிச்சப் பணத்தில் முதல் வேலையாக டைமிங் பெல்ட்டை மாற்றினோம். அது எப்போது மாற்றியது என்று யாருக்கும் தெரியவில்லை, அறுந்தால் எஞ்சினுக்கே ஆபத்து. பிறகு இரண்டு டயர், ஆயில். ஏர்பேக் இல்லாத வண்டி; அதனால் பின்சீட்டில் இருப்பவர் உட்பட எல்லாரும் பெல்ட் போட்டால்தான் சாவியைத் திருப்புவது.

அத்தையின் முழங்கால்? வைத்தியம் பார்க்குமிடத்தில் ஒரு வழி சொன்னார்கள். முன்சீட்டை நன்றாகப் பின்னுக்குத் தள்ளிவிட்டு, வெளிப்பக்கம் பார்த்தபடியே முதலில் உட்கார்ந்துவிட வேண்டும். அப்புறம் இரண்டு காலையும் சேர்த்து உள்ளே திருப்ப வேண்டும். இறங்கும்போதும் அப்படியே, இரண்டு காலையும் சேர்த்து வெளியே வைத்துவிட்டுத்தான் எழ வேண்டும். மூன்றே நாளில் பழகிவிட்டார்.

விலையை வீட்டுக்காரர் பேசட்டும், சகோதரிகளே. சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பார்க்கும் வேலையை மட்டும் நீங்கள் விட்டுக்கொடுக்காதீர்கள்!