தகரப்பெட்டியில் ஒரு பங்குப் பத்திரம்

தேயிலைத் தோட்டத்துக்கும் கம்பனிச் சட்டத்துக்கும் என்ன தொடர்பு என்று கேட்பவர்கள் ராகலையை அறியாதவர்கள். எங்கள் மலைகளில் எத்தனையோ துரைமார் வந்து போனார்கள். பணிப்பாளர் சபை எனும் கண்ணுக்குத் தெரியாத துரையைப் பற்றி எவரும் எங்களுக்குச் சொல்லித் தந்ததில்லை.

எனக்கு அதைச் சொல்லித் தந்தவர் ஒரு நண்பர். இப்பகுதி லயமொன்றில் பிறந்து, கொழும்பில் சட்டத்தரணியாகி, தனியார் முதலீட்டு நிதியங்களுக்கு ஒப்பந்தம் வரைவதையே தொழிலாகக் கொண்டவர். பெயர் குறிப்பிடுவதை விரும்பமாட்டார்.

அத்தகைய நிதியத்தில் பணம் இடுபவர் பலர். அதை ஆள்பவர் சிலர். ஆள்பவருக்கு ஆண்டுதோறும் நூற்றுக்கு இரண்டு அளவில் கட்டணமும், இலாபத்தில் நூற்றுக்கு இருபது அளவில் பங்கும் கொடுப்பது உலக வழக்கம். "பிறர் பணத்தை ஆள்பவன் தன் நலத்துக்கு அடிமையாகிவிடாமல் வேலி கட்டுவதுதான் என் தொழில்" என்பார் நண்பர்.

அந்த வேலி எங்கள் தோட்டங்களுக்கு உண்டா?

1972, 1975 காணிச் சீர்திருத்தங்களின் பின் அரசின் கைக்கு வந்த தோட்டங்கள், 1992 ஜூன் மாதத்தில் பிராந்தியக் கம்பனிகளாகப் பிரிக்கப்பட்டு, தனியார் முகாமையிடம் ஒப்படைக்கப்பட்டன. நிலம் அரசுடையது, கம்பனிகளுக்குக் குத்தகை, அதுவும் 2045 வரை. தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் பங்குகள் விற்பனைக்கு வந்தபோது, பொதுவான ஏற்பாட்டின்படி நூற்றுக்கு 51 பெரும் முதலீட்டாளருக்கு, 20 பொதுமக்களுக்கு. 10 தொழிலாளருக்கு, இலவசமாக. திறைசேரியின் செயலாளர் பெயரில் அரசுக்கு ஒரு 'பொற்பங்கு'. அந்த ஒற்றைப் பங்கின் எழுத்துமூலச் சம்மதமின்றிக் குத்தகை நிலத்தைக் கம்பனி பிறருக்குக் கைமாற்ற முடியாது. இரண்டு வார முன்னறிவித்தல் தந்து கணக்கேடுகளைப் பார்வையிடவும் அதற்கு உரிமை உண்டு.

என் பெரியம்மாவின் தகரப்பெட்டியில் பிறப்புச் சான்றிதழ்களோடும் சேமலாப நிதிக் கடதாசிகளோடும் அந்தப் பங்குப் பத்திரம் கிடந்தது. ஆங்கிலத்தில் அச்சான ஆண்டறிக்கையும் ஒருமுறை வந்தது. "தம்பி, இது எதுக்கு?" என்று நீட்டினார். கம்பனியில் உங்களுக்கும் பங்கிருக்கிறது என்றேன். "அப்போ தொரைக்கு முன்னால நானும் நாக்காலியில ஒக்காரலாமா?" என்று கேட்டுச் சிரித்தார்.

நண்பரிடம் இதைச் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. "உட்காரலாம். பொதுக்கூட்டத்தில் கேள்வியும் கேட்கலாம். ஆனால் கூட்டம் நடப்பது கொழும்பில், நடப்பது ஆங்கிலத்தில், அன்று வேலைக்குப் போகாவிட்டால் பேர் விழாது" என்றார்.

2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிச் சட்டம், அதன் உருவாக்கத்தில் முதன்மைப் பங்கு வகித்த ஜனாதிபதி சட்டத்தரணி கே. கனக ஈஸ்வரன் போன்றோரின் உழைப்பினால், சிறுபான்மைப் பங்குதாரருக்கு உண்மையான ஆயுதங்களைத் தந்தது. வாக்குரிமையில் நூற்றுக்கு ஐந்து சேர்ந்தால், அல்லது பங்குதாரர் எண்ணிக்கையில் நூற்றுக்கு ஐந்து பேர் சேர்ந்தால், அடக்குமுறைக்கும் சீர்கேடான முகாமைக்கும் எதிராக நீதிமன்றத்தை நாடலாம். தொழிலாளர் பெற்றதோ பத்து!

ஆயினும் அந்தப் பத்து, ஒரு கையாகச் சேரவேயில்லை. தனித்தனி விரல்களாகப் பெட்டிகளில் உறங்கியது. அவசரச் செலவுக்கு வந்த விலைக்கு விற்றவர்களையும் நான் அறிவேன். கலியாணமும் மரணமும் பங்குச் சந்தை உயரும்வரை காத்திருப்பதில்லை. சம்பளத்துக்காகக் கூட்டுப் பேரம் பேசிய எங்கள் தொழிற்சங்கங்கள், அந்தப் பங்குகளை ஒரே நம்பிக்கைப் பொறுப்பில் திரட்டி, ஒருவரைப் பணிப்பாளர் சபை வாசலுக்கு அனுப்பியிருந்தால் என்ன நடந்திருக்கும்? சம்பளம் இரட்டிப்பாகியிராது. ஆனால், 'நட்டம்' என்று சொல்லிச் சம்பள உயர்வை மறுத்த ஆண்டுகளில், முகாமைக் கட்டணம் எவ்வளவு போனது என்று உள்ளிருந்தே ஒரு குரல் கேட்டிருக்கும்.

2045 தொலைவில் இல்லை. இன்று ராகலைப் பாடசாலைகளில் படிக்கும் பிள்ளைகள் அப்போது வளர்ந்து ஆளாகியிருப்பார்கள். குத்தகை முடிந்த நிலத்தை யாருக்கு, எந்த நிபந்தனையில் தருவது என்று பேசும் மேசையில், ஒப்பந்தத்தின் சிறிய எழுத்துகளை வாசிக்கத் தெரிந்தவர்கள் நம்மவரிலும் சிலர் இருக்கவேண்டும். டாக்டர், என்ஜினியர் என்று மட்டும் கனவு காணும் பெற்றோர், கம்பனிச் சட்டத்தையும் அந்தப் பட்டியலில் சேர்த்துக்கொள்வது நல்லது.