குதிரையின் முதுகு

கள்ளக்குறிச்சி உபாத்தியாயருக்குக் குதிரை எதற்கு என்று என் மனைவி கேட்டாள். கல்வராயன் மலையடிவாரத்தில் சவாரி போக வேண்டுமென்பது என் பால்ய கால ஆசை. வேறு பதில் என்னிடம் இல்லை.

ஆங்கிலச் சேணம் ஒன்றை, ஆயத்தமாகச் செய்து வைத்திருந்ததை, மலிவாக வாங்கினேன். கான்பூர்ச் சரக்கு. 1860-களில் ராணுவத்துக்காக அங்கே சேணத் தொழிற்சாலை ஏற்பட்டது முதல் அவ்வூர் இதற்குப் பெயர் போனது. தோலில் ஒரு குறையுமில்லை. 17 அங்குல இருக்கை எனக்கு அளவெடுத்தாற்போல் அமைந்தது. குதிரையின் முதுகை அளக்கத்தான் தோன்றவில்லை!

கச்சிராயபாளையம் போய்த் திரும்பிச் சேணத்தை அவிழ்த்தேன். முதுகெல்லாம் வியர்வை, தோளருகே மட்டும் இருபுறமும் உள்ளங்கையளவு உலர்ந்த திட்டு. சேணத்தினுள் இருக்கும் சட்டம் குறுகலானால் அவ்விடத்தை நசுக்கும், நசுங்கிய இடம் வியர்க்காது என்பதைப் பிறகே அறிந்தேன். அதற்குள் புண்ணாகிவிட்டது. வாயில்லா ஜீவன் ஒரு நாளாவது முரண்டு பிடித்திருக்கக் கூடாதா!

அடுத்த சேணத்தைக் குதிரைமேல் வைத்துப் பார்த்தே வாங்கினேன். நான் ஏறி உட்கார்ந்த பின்னும் தோள் மேட்டுக்கும் சேணத்துக்கும் நடுவே இரண்டு மூன்று விரல் நுழைந்தது. முதுகெலும்பின் மேல் நெடுகிலும் வெளிச்சம் தெரிந்தது. பின்புறம் கடைசி விலாவைத் தாண்டவில்லை. பிறர் உபயோகித்த பழஞ்சேணம். தோல் வெளிறியது, விலையும் குறைவு. எனக்குத்தான் சற்று இறுக்கம்.

புண் ஆறிய இடத்தில் வெள்ளை மயிர் முளைத்திருக்கிறது.