ஒரு மணி நேரம்தானே!

"கோலாலம்பூர் எவ்வளவு தூரம்?" என்று அலுவலகத்தில் யாராவது கேட்டால், "பக்கம்தான், ஒரு மணி நேரம்" என்பேன். சிங்கப்பூருக்கு வேலைக்கு வந்த ஒன்பது ஆண்டுகளாக இதே பதில்தான். செந்தூலில் இருக்கும் அப்பாவும் அண்டை வீட்டாரிடம் அப்படித்தான் சொல்லி வைத்திருந்தார்.

அது பொய்யில்லை. சாங்கியிலிருந்து சிப்பாங் விமான நிலையத்துக்கு வான்வழியில் சுமார் 300 கிலோமீட்டர். அட்டவணையில் ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாகப் போட்டிருப்பார்கள். ஓடுபாதைக்கு ஊர்ந்து போவதும் வரிசையில் காத்திருப்பதும் அதில் அடக்கம். வானத்தில் இருப்பது என்னவோ முக்கால் மணி நேரம்தான். ஏறி முடித்த கையோடு விமானம் இறங்கத் தொடங்கிவிடும்.

சென்ற ஆண்டு ஒரு வெள்ளிக்கிழமை பிற்பகல், தம்பி அழைத்தான். "அக்கா, அப்பா குளியலறையில வழுக்கி விழுந்துட்டாரு. இடுப்பு எலும்பு முறிஞ்சிருக்கு. நாளைக்குக் காலையில அறுவை சிகிச்சை."

மூன்று மணிக்கு ஜூரோங் வீட்டிலிருந்து கிளம்பினேன். தீவின் மேற்கு முனையிலிருந்து கிழக்கு முனையில் உள்ள சாங்கிக்குப் போகவே ஒரு மணி நேரத்துக்கு மேல். ஆறு மணிக்குத்தான் விமானம். சிப்பாங்கில் இறங்கி, நடந்து, குடிநுழைவு வரிசையைக் கடக்க எட்டே கால். அங்கிருந்து கேஎல் சென்ட்ரல் இன்னும் 57 கிலோமீட்டர். விரைவு ரயிலில் அரை மணி நேரம். பிறகு வாடகைக் கார். மருத்துவமனை வாசலை அடைந்தபோது மணி ஒன்பதரை. பார்வை நேரம் முடிந்து, வார்டுக் கதவைச் சாத்திவிட்டார்கள்.

ஆறரை மணி நேரம்! பேருந்தில் ஏறியிருந்தாலும் ஏறக்குறைய அவ்வளவுதான் ஆகியிருக்கும்.

மறுநாள் காலை, அறுவை அறைக்குத் தள்ளிக்கொண்டு போகும் வழியில் இரண்டு நிமிடம் அப்பாவைப் பார்த்தேன். "வேலையை விட்டுட்டு எதுக்கும்மா வந்தே?" என்றார். கையை மட்டும் விடவில்லை. நான் அதற்கு முன் வந்து போய் ஏழு மாதம் ஆகியிருந்தது. மெல்பர்னில் இருக்கும் என் தோழி ஆண்டுக்கு இரண்டு முறை தேதி குறித்து வந்து பெற்றோரைப் பார்க்கிறாள். எனக்குத் தேதி குறிக்கவே தோன்றவில்லை. ஒரு மணி நேரம்தானே, எப்போது வேண்டுமானாலும் போகலாமே!

அப்பா தேறி வீட்டுக்கு வந்த பிறகு என் கணக்கைச் சொன்னேன். செந்தூல் ரயில்வே பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் அவர். சிரித்தார். "வண்டி ஓடுற நேரத்தை மட்டும் எண்ணினா எப்படிம்மா? நிக்கிற நேரமும் பயணந்தான்."

இரு நகரங்களையும் 90 நிமிடத்தில் இணைக்கும் அதிவேக ரயிலுக்கு 2016-இல் இரு நாடுகளும் ஒப்பந்தம் செய்தன. 2021 புத்தாண்டு அன்று அத்திட்டம் ரத்தானதாக அறிவித்தார்கள். அதை நம்பிக் காத்திருக்கவும் முடியாது.

இப்போது மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை அரை நாள் விடுப்பு எடுத்துவிடுகிறேன். விமானமோ பேருந்தோ, எது மலிவோ அது. இரவுச் சாப்பாட்டுக்கு அப்பா காத்திருப்பார். கோலாலம்பூர் எவ்வளவு தூரம் என்று யாராவது கேட்டால், "ஆறு மணி நேரம்" என்கிறேன்.